கருப்பு சார் பிரம்பு எடுத்த நாள்

அண்ணனும் நானும் ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். தங்கையான என்னைவிட அவன் இரண்டு வயது மூத்தவன். மூன்றாம் வகுப்பில் ஒரு வருஷமும் நான்காம் வகுப்பில் ஒரு வருஷமும் கூடுதலாகத் தங்கி, நான் வந்து சேரும்வரை அவன் எனக்காகக் காத்திருந்தான் என்று அம்மா சொல்லுவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். அப்பா மட்டும் அதற்குச் சிரித்ததில்லை. அவர் ஓல்டு டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தன் பிள்ளையும் அங்கேயே வந்து நின்றுவிடுவானோ என்ற பயம் அவருக்கு.

எங்கள் பள்ளி செம்மண்டலத்தைத் தாண்டி, வயல் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. இது அறுபதுகளின் நடுவில். ஊர்ப் பிள்ளைகள் முன்னால் உட்காருவார்கள். சேரியிலிருந்து போகிற நாங்கள் பின் சுவரோரம். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை. போன முதல் நாளே எங்களுக்குத் தெரிந்திருந்தது. தாகம் எடுத்தால் ஆயாவிடம் போய் நிற்கவேண்டும். ஆயா பானையிலிருந்து மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவாள். நாங்கள் இரண்டு கையையும் குவித்துக் குடிப்போம். பாதி தண்ணீர் சட்டையில்தான் போகும்.

அண்ணனுக்குப் பள்ளியில் இருந்த வேலை, அடி வாங்குவது. பாடம் வராததற்கு அடி, சண்டை போட்டதற்கு அடி, கெடிலம் ஆற்றில் மீன் பிடிக்கப் போனதற்கு அடி. வாங்கிவிட்டு, உள்ளங்கையை அரைக்கால் சட்டையில் தேய்த்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி வந்து உட்காருவான். ஒரு நாளும் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் வகுப்புக்குப் புது வாத்தியார் வந்தார். நல்ல உயரம். நல்ல கருப்பு. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அந்தக் கருப்பில் பளீரென்று தெரியும். ஏற்கெனவே இருந்த நாலாம் வகுப்பு வாத்தியார் சிவப்பாக இருந்ததால், இவர் கருப்பு சார் ஆகிவிட்டார். பிள்ளைகள் மட்டுமல்ல, மற்ற வாத்தியார்களும் தங்களுக்குள் அப்படித்தான் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர் ஒருவர்தான் பெயரைச் சொல்லுவார்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். “புதுசா வந்திருக்கற வாத்தியாரு நம்ம ஆளாம். செதம்பரத்துக்காரராம்.”

அண்ணன் கையிலிருந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. “நெஜமாவே நம்ம ஆளாப்பா?”

“ஆமாண்டா. எனுக்கு நல்லாத் தெரிஞ்ச எடத்துல சொன்னாங்க.”

“அப்பறம் எப்பிடி நாக்காலில ஒக்காராரு?”

அண்ணன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை.

வந்த ஒரு வாரத்தில் அவர் எங்கள் எல்லோரையும் உயரப்படி உட்காரவைத்தார். குள்ளமான நான் முன் வரிசைக்குப் போனேன். ஊர்ப் பிள்ளையான ரைஸ்மில்காரர் மகன் நெட்டை. அவன் பின் சுவருக்குப் போனான். அண்ணனும் நெட்டைதான், அவனும் பின்னால்தான் இருந்தான். ஆனால் பக்கத்தில் ரைஸ்மில்காரர் மகன் உட்கார்ந்திருந்ததால் அது பழைய சுவராக இல்லை. ஆயா ஊற்றுவதையும் நிறுத்தச் சொன்னார். பானை மேல் ஒரு தம்ளரைக் கவிழ்த்துவைத்து, அவரவர் மொண்டு குடிக்கவேண்டும் என்றார். பானையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அண்ணனிடம் கொடுத்தார்.

வேறு யாராவது அந்த வேலையைக் கொடுத்திருந்தால் அண்ணன் பானையை உடைத்துவிட்டு ஆற்றுக்குப் போயிருப்பான். இப்போது விடிந்ததும் எழுந்து குளித்தான். தலைக்கு எண்ணெய் கேட்டு அம்மாவைத் தொந்தரவு செய்தான். எனக்கு முன்பே பள்ளிக்குப் போய்ப் பானையைத் தேய்த்துக் கழுவிக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, மேலே வெள்ளைத் துணி கட்டிவைத்தான். சாயந்திரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி எனக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தான். அவனுக்குப் பின்னம் தெரியும் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. கருப்பு சார் பிரம்பு வைத்துக்கொள்வதில்லை. தப்பாகச் சொன்னால், “மறுபடி பாரு, நீயே கண்டுபிடிப்ப” என்பார். அண்ணன் மறுபடி பார்த்தான். கண்டுபிடித்தான். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் அவன்தான் முதல். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த புதிதில், ஒரு காலையில் பானையில் சாணி கிடந்தது. ரைஸ்மில்காரர் மகன்தான் போட்டான். அவன் அதை மறைக்கவுமில்லை. “எங்கப்பாதான் சொன்னாரு, அந்தத் தண்ணியக் குடிக்காதன்னு. அதான் யாருமே குடிக்கவேணாம்னு போட்டேன்” என்றான். அண்ணன் ஓங்கி ஒரு குத்து விட்டான். அந்தப் பையனுக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான்.

மணி அடிப்பதற்குள் ரைஸ்மில்காரர் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். ஹெட்மாஸ்டர் நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“வாத்தியாரையே அந்த ஆளாப் போட்டீங்க. நாங்க ஒண்ணும் சொல்லல. இப்ப எங்க புள்ளைங்க ஒதையும் வாங்கணுமா?”

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனால் பயந்தவர். “டி.சி. குடுத்து அனுப்பிச்சிடறேங்க” என்றார்.

கருப்பு சார் முன்னால் வந்தார். “டி.சி. வேணாம் சார். நல்லாப் படிக்கிற பையன். பானையில சாணி போட்டது யாருன்னும் விசாரிங்க.”

ரைஸ்மில்காரர் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார். “டி.சி. வேணாமா? சரி, அப்ப நீயே அடி. எல்லாப் பசங்களும் பாக்கணும். நீ அடிச்சா நான் போயிடறேன்.”

எங்கள் வாத்தியாரை ஒருவர் நீ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பள்ளி முழுவதையும் வெளியே வரிசையில் நிறுத்தினார்கள். ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து பிரம்பு வந்தது. கருப்பு சார் அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் மாதிரி இருந்தது. பிறகு அண்ணனைப் பார்த்து, “கைய நீட்டு” என்றார்.

அண்ணன் கையை நீட்டினான். எத்தனையோ முறை நீட்டிய கை. முதல் அடி மெதுவாக விழுந்தது. “என்னா, தடவிக் குடுக்கறியா?” என்றார் ரைஸ்மில்காரர். அதற்கப்புறம் விழுந்ததெல்லாம் பலமான அடி. அண்ணன் கையைப் பார்க்கவேயில்லை. வாத்தியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ரைஸ்மில்காரர் சொன்னபடி போய்விட்டார். வரிசை கலைந்தது. கருப்பு சார் நேராகக் கிணற்றடிக்குப் போனார். தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு கையில் ஊற்றிக் கழுவினார். மறுபடியும் மொண்டார். மண்ணை எடுத்துத் தேய்த்து மறுபடியும் கழுவினார். அண்ணனும் நானும் வகுப்பு வாசலில் நின்று அதைப் பார்த்தோம்.

எங்களுக்குத் தெரிந்த வாத்தியார்கள் எல்லாம், தப்பித் தவறி எங்கள்மேல் கை பட்டுவிட்டால் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவுவார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே பார்த்துப் பழகியது அது.

“பாத்தியா புள்ள?” என்றான் அண்ணன். “கையக் கழுவுறாரு.”

அவன் குரலில் கோபம்கூட இல்லை. அன்றைக்குத்தான் அவன் அழுதான். வீட்டுக்குப் போகும் வழியில், வரப்பில் உட்கார்ந்துகொண்டு, முகத்தை மூடாமல் அழுதான்.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்மா கெஞ்சினாள். அப்பா முதுகில் நாலு வைத்தார். பழைய வாத்தியார்கள் அடித்ததற்கெல்லாம் நின்றுவிடாதவன், ஒரே ஒரு நாள் அடித்தவருக்காக ஏன் இப்படி அடம் பிடிக்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வாரக் கடைசியில், பள்ளி விட்டபின் கருப்பு சார் எங்கள் வீட்டுக்கே வந்தார். தூரத்தில் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததுமே அண்ணன் கொல்லைப்பக்கமாக ஓடிவிட்டான். அப்பா பதறிப்போய்ப் பாயை உதறிப் போட்டார்.

“பையன் எங்கங்க?”

“இங்கதான் சார் இருந்தான். வந்துடுவான்.”

“வரட்டும். நான் இருக்கறேன்.”

அவர் பாயில் உட்கார்ந்துகொண்டார். “நீங்க கண்டிச்சதுல தப்பில்ல சார்” என்றார் அப்பா. “தப்புதாங்க” என்றார் அவர். “ஆனா டி.சி. குடுத்திருந்தா வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் அவன சேக்கமாட்டாங்க. அது ஒண்ணுதான் எனக்கு அப்ப தோணிச்சு.”

அம்மா கேழ்வரகுக் கூழ் கரைத்து வந்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று கதவருகே தயங்கினாள். அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

அப்பா பேச்சை மாற்ற நினைத்து, “தெனம் செதம்பரத்துலேர்ந்து ரயில்ல வந்து போறது செரமமாச்சே. செம்மண்டலத்துலயே ஒரு வூடு பாத்துக்கலாமே சார்” என்றார்.

“பாத்தேங்க. கெடைக்கல.”

செம்மண்டலத்தில் வாடகைக்கு என்று எழுதிய அட்டை தொங்கும் வீடுகளை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இருட்டும்வரை இருந்து பார்த்துவிட்டு, திருப்பாப்புலியூரில் ரயிலைப் பிடிக்க எழுந்து போனார். அவர் போன பிறகுதான் அண்ணன் வந்தான். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். “ண்ணா, நம்ம வூட்டுல கூழு குடிச்சாரு. சொம்புலதான் தண்ணி குடிச்சாரு. கையெல்லாம் கழுவல.”

“பசிச்சிருக்கும்” என்றான் அண்ணன்.

மாசி பிறப்பதற்குள் அவன் போய்விட்டான். எங்கள் மாமா நெய்வேலியில் மண் வெட்டும் வேலையில் இருந்தார். “சும்மா சுத்தறதுக்கு எங்கூட வரட்டும், அங்க டீக்கடையில ஆள் கேக்கறாங்க” என்று சொல்லி அழைத்துப் போனார். அப்பா தடுக்கவில்லை. துறைமுகம் இல்லை என்கிற அளவுக்கு அவருக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கும். அண்ணன் பிறகு படிக்கவே இல்லை. டீக்கடையிலிருந்து மண் வேலைக்குப் போய், அங்கேயே குடும்பம் ஆகி, அங்கேயே வயசாகிவிட்டது. பேரப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராவிட்டால் இப்போதும் அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான். கருப்பு சார் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

நான் அந்த வகுப்பில் தொடர்ந்து உட்கார்ந்தேன். அண்ணன் பெயரை ஹெட்மாஸ்டர் நீக்கிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் கருப்பு சார் காலையில் வருகை எடுக்கும்போது அவன் பெயரையும் கூப்பிடுவார். வழக்கமாக வருகிற இடத்தில், அப்பா பெயரின் முதலெழுத்தோடு முழுதாகக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு வாசல் பக்கம் பார்ப்பார். கொஞ்சம் பொறுத்து அடுத்த பெயருக்குப் போவார். தினமும் இது நடந்தது. பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “நெய்வேலி, சார்” என்று பின்னாலிருந்து ஒருத்தன் குரல் கொடுப்பான். எனக்கு மானம் போகும். அடித்ததும் போதாமல், எங்களை இப்படி வேறு கேவலப்படுத்துகிறாரே என்று நினைத்தேன். நிறுத்தச் சொல்லும்படி அம்மாவிடம் போய் அழுதேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல், “கூப்புடறாரா? இன்னமுமா?” என்று கேட்டாள். அதற்கப்புறம், நான் பள்ளி விட்டு வந்ததும் அவள் முதலில் கேட்பது அதைத்தான்.

“இன்னிக்கும் கூப்புட்டாரா?”

“ம். கூப்புட்டாரு.”

அடித்தும் ரைஸ்மில்காரருக்கு மனம் ஆறவில்லை. மனு மேல் மனு போட்டார் என்று பேசிக்கொண்டார்கள். முழுப் பரீட்சைக்கு முன்பே கருப்பு சாரைக் குறிஞ்சிப்பாடிக்கும் அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எங்களிடம் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை, வேறு ஒரு வாத்தியார் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கடகடவென்று பெயர்களைக் கூப்பிட்டார். அண்ணன் பெயர் வரும் இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நிற்காமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

சாயந்திரம் வீடுவரை ஓடினேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“கூப்புட்டாரா?”

“இல்லம்மா. அவுரு போயிட்டாரு. புது சார் வந்திருக்காரு. இனிமே கூப்புடவே மாட்டாங்க.”

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்ல சேதி சொன்னதற்கு இவள் ஏன் இப்படி உட்காருகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையை உள்ளே போட்டுவிட்டு விளையாடப் போனேன்.