மாகிரட்டின் கையும் போனின் வாயும்

"பூசையில மாகிரட் வாசிக்கிறேல்லையாம். போன்தான் வாசிக்குதாம். அவ சும்மா விரலை ஆட்டுறாவாம்."

கோயில் முற்றத்தில் புறப்பட்ட இந்தக் கதை, மாகிரட் ஓர்ஸ் ஹில்லிலுள்ள தன் வீட்டுக்கு நடந்து போய்ச் சேர முதலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. விசாரித்தால் சாட்சியும் பலம்தான். கடைசி ஆசீருக்குச் சிலுவை அடையாளம் போட மாகிரட் கையை எடுத்தார். சத்தம் மட்டும் ‘ஊ...’ என்று வந்துகொண்டேயிருந்தது. பதறிப்போய்ப் போனைத் தட்டினார், நின்றது. இதற்கு மேல் என்ன வேணும்?

மாகிரட் கிழமை நாட்களில் கந்தோரில் கோப்புக் கட்டுகிறவர். ஞாயிறில் பாட்டுக் குழுவுக்கு ஓர்கன் வாசிக்கிறவர். கோயிலின் பழைய ஓர்கனைக் கடற்காற்று தின்றுவிட்டது. புதிது வாங்கும் தீர்மானம் சபைக் கூட்டங்களில் ஏகமனதாக நிறைவேறிக்கொண்டேயிருக்கிறது. பொறுத்துப் பார்த்து, மாகிரட் இரண்டு சின்ன மிடி கீபோர்ட்டுகளைத் தானே வாங்கினார். அவற்றுக்குச் சொந்தக் குரல் இல்லை. எந்தக் கட்டை அமுங்கியது என்று போனுக்குச் சொல்லும். பாடுவது போனிலுள்ள செயலி. ஒன்று வலக்கைக்கு, மற்றது இடக்கைக்கு. முதல்நாள் இரண்டும் ஒரே குரலில் கத்தின. போன் திருத்துகிற நஸ்ரிதான் வந்து பார்த்தான்.

"ரெண்டும் ஒரே சனலில, ஒரே வழியால, கதைக்குது அக்கா. ஆளுக்கொரு சனல் குடுப்பம்."

கொடுத்தான். சண்டை தீர்ந்தது. பிறகுதான் இந்த ‘ஊ’.

திருநாளுக்கு வாசிக்க வெளியாளைப் பிடிக்கும் யோசனையோடு, கை நிறையப் பாட்டுப் புத்தகங்களுடன் சபைச் செயலாளர் யேசுரட்ணம் ஒத்திகைக்கு வந்தார். மாகிரட் தன் கதிரையைக் கீபோர்ட்டுகளுக்கு இன்னும் கிட்ட இழுத்துப்போட்டார். இந்தக் கதிரைக்காகத்தான் கிழமை முழுக்க அந்தக் கோப்புகளைப் பொறுத்துக்கொள்கிறார்.

"போனைக் கழட்டிப்போட்டு வாசியுங்கோ பாப்பம்," என்றார் செயலாளர்.

கழற்றினார். கட்டைகள் ‘டக் டக்’ என்றன.

"பாத்தியளோ! நான் சொன்னனான்தானே!"

"அண்ணை, போன் வாய். கை நான்தான்." மாகிரட் வயரைத் திரும்பச் செருகி, இரண்டு கையையும் மடியில் வைத்தார். "இப்ப அதைத் தானா வாசிக்கச் சொல்லுங்கோ."

போன் மூச்சும் விடவில்லை. யேசுரட்ணத்துக்கு நம்ப ஏலாது. போனைத் தூக்கிப் பார்க்கவென்று, கையிலிருந்த புத்தகங்களை இரண்டாவது கீபோர்ட்டின் மேல் இறக்கினார்.

‘ஊ...’

பாட்டுக் குழு வாயைப் பொத்தியது. மாகிரட் புத்தகங்களைத் தூக்கினார், நின்றது.

"போன ஞாயிறும் இதிலயோ வைச்சனீங்கள்?"

"அறிவித்தல் வாசிச்சு முடிய... எனக்கும் சிலுவை போடக் கை வேணும்தானே."

"பரவாயில்லை அண்ணை, நல்லாத்தான் வாசிச்சிருக்கிறியள்."

திருநாளுக்கு வெளியாள் வரவில்லை; மாகிரட்தான் வாசித்தார். முற்றத்தில் சொன்ன கதையை முற்றத்திலேயே மாற்றிச் சொல்வதாக யேசுரட்ணம் ஒத்திகையில் எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். திருநாள் பந்தலும் பிரித்தாயிற்று. ஞாயிறு தோறும் பூசை முடிய மாகிரட் முற்றத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறார். செயலாளரோ பாட்டுப் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கக் கதவால் போய்விடுகிறார்.