ஈயத்தாள் சுற்றிய ஃபியூஸ்

அக்கா போன மாதம் என்னிடம் தந்த தீப்பெட்டிக்குள் ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கிறது. சுண்டுவிரலில் ஒரு கணு நீளம். அதன்மேல் சொக்கலேட் ஈயத்தாள் சுற்றியிருக்கிறது. நீதிமன்றத்தில் கட்டிய சிறு அட்டை இன்னும் நூலில் தொங்குகிறது. அதில் அக்காவின் கணவர், என் அத்தானின் பெயர். அத்தான் காலமாகி ஒரு வருடமாகிவிட்டது.

அது யுத்த காலம். வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் தங்கி, புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலைக்குப் போய்வந்தேன். கந்தோரில் வேலை முடிந்து வந்தால் அத்தானுக்கு அம்பிளிஃபயர்தான் உலகம். தானே கட்டிய அந்தப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு ஃபியூஸ் வைத்திருந்தார். "கரண்ட் கூடினா இது எரிஞ்சுபோகும் பிள்ளை, டிரான்சிஸ்டர் தப்பும். போனா ஒருத்தரும் கைவைக்கக் கூடாது, எனக்குச் சொல்லுங்கோ" என்பார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பாட்டைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரை ஜன்னலடிக்கு இழுத்தேன். வயர்கள் இரண்டும் முட்டிப் பாட்டு நின்றது. மாற்று ஃபியூஸ் வீட்டில் இல்லை. எனக்குப் பொறுமை ஏது? ஃபியூஸ் போனால் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். ஈயத்தாளைச் சுற்றிச் செருகினேன். வயர்கள் முட்டியபடியே கிடந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு பொசுங்கல் மணம், பிறகு சத்தமே இல்லை. மூடியைப் பூட்டிவிட்டு நல்ல பிள்ளையாக இருந்தேன். அத்தான் வந்ததும் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

அவருக்குப் பின்னாலேயே வீடு வீடாகச் சோதிக்கும் பொலிஸ் செக்கிங் வந்தது. வயரும் டிரான்ஸ்ஃபோமருமாகக் கிடந்த மேசையைக் கண்ட அதிகாரி, பாட்டுப் பெட்டி என்றால் பாடவை என்றார். அது பாடவில்லை. மூடியைக் கழற்றி, ஈயத்தாள் சுற்றிய குழாயை இரண்டு விரலால் தூக்கி, இது எதை வெடிக்க வைக்க, யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். அத்தான் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"மம தமய் கலே, சேர்" என்றார். நான்தான் செய்தேன், ஐயா.

பயம், வெறும் பயம். ஜீப் தெருமுனை திரும்பும்வரை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான்கு மாதம் அடைத்துவைத்தார்கள். அவரை விடுவிக்கக் கேட்கும் மனுவை எங்கள் கந்தோரிலேயே தயாரித்தார்கள். ஈயத்தாளைச் சுற்றியது அவர்தான் என்ற வரியை என் கையாலேயே தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட விடவில்லை.

விடுதலையானபோது பெட்டியோடு இந்த ஃபியூஸையும் திருப்பித் தந்தார்கள். அடிபட்டு அத்தானின் இடது காது கேட்காமல் போயிருந்தது. கருகிய டிரான்சிஸ்டர்களை மாற்றிப் பாட்டைப் போட்டுவிட்டு, வலது காதைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். ஒருநாள் அக்கா இல்லாத நேரம், "அத்தான், அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"விடு பிள்ளை. இனி ஃபியூஸ் போனா எனக்குச் சொல்லு, அதுவே காணும்" என்றார்.

அக்காதான் விடவில்லை. அவர் சாகும்வரை குத்திக்காட்டினாள். அவர் தலையைக் குனிந்தபடி ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பார். தீப்பெட்டியைத் தந்தபோதும், "ஒரு ஈயப் பேப்பரால எங்களை நடுத்தெருவில விட்ட மனுசன். இதையேன் இவ்வளவு கவனமா வச்சிருந்தாரோ" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா, இந்த அட்டையில் இருக்க வேண்டியது என் பெயர்.