பாக்கியரத்தினம் பீடியை விட்ட விதம்

என் கணவர் பாக்கியரத்தினத்துக்கு இரண்டு வருத்தம். ஒன்றுக்குத்தான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள். மற்றது பொறாமை.

மருந்துள்ள வருத்தம் கலியாணமான அடுத்த வருடம் வந்தது. இறக்கக்கண்டிக் கரையில் கரைவலை இழுக்கிறவர் அவர். கயிற்றைப் பிடித்து நிற்கும்போதே, முன்னால் நிற்கிறவனும் பின்னால் நிற்கிறவனும் தன்னைக் கொல்லக் கதைக்கிறார்கள் என்று சொல்லிக் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவருவார். பல மருந்து மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று குடித்துக் கை நடுங்கியது, இன்னொன்று குடித்தும் காதுக்குள் கேட்ட குரல்கள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் அதே குளிசையைக் குடித்து ஒரு மாதத்தில் வீட்டுக்குப் போனார். அதற்கும் இவருக்குப் பொறாமை. கடைசியில் குளோசபின் என்ற குளிசைதான் இவருக்குச் சரிவந்தது. அதற்கு மாதாமாதம் இரத்தம் சோதிக்க வேண்டும். சோதிக்கிறோம். வலைச் சொந்தக்காரர் ஆதம்பாவா நானா நல்ல மனுசன், குளிசையை விடாதவரைக்கும் கயிற்றில் இடம் உண்டு என்று சொல்லித் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அந்த இடத்தால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

மருந்தில்லாத வருத்தத்துக்குக் காரணம் தவராசா. என் அக்காவின் புருஷன், இவருக்குச் சகலன். துறைமுகத்தில் வேலை, மாதச் சம்பளம். அத்தான் புதுச் சேட்டுப் போட்டால் இவருக்குப் பழைய சேட்டு கடிக்கத் தொடங்கிவிடும். அத்தானுக்குக் காய்ச்சல் என்றால்கூட, என் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவாள் என்று இவருக்கு எரியும். நானும் பெரிய ஞானி இல்லை. அக்காவின் வீட்டுக்குப் போய்வந்தால் இரண்டு நாளைக்கு என் குசினியில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழும்.

போன வருடம் அத்தான் சிகரெட்டை விட்டார். நெஞ்சுச் சளிக்காக டொக்டர் சொல்லி விட்டது. அம்மாவோ அவர் துறவறம் பூண்டதுபோல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அம்மா வீட்டில் சாப்பிட இருந்தோம். அம்மா பாரை மீன் தலையை அத்தானின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள்.

"மனத்தைரியம் உள்ள ஆம்பிளை. எல்லாராலயும் ஏலாது" என்றாள்.

இவர் மீன் வாலை மென்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து ஒருவரையும் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் கடற்கரைக்குப் போய் மடியிலிருந்த பீடிக்கட்டைத் தண்ணீரில் எறிந்துவிட்டு வந்தார்.

நான் நம்பவில்லை. என் கெஞ்சல், சண்டை, பட்டினி ஒன்றுக்கும் அசையாத மனுசன். ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கு மேல் ஊதுகிறவர். ஒரு மீன் தலைக்காக அடியோடு விட்டுவிட்டார்! எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அக்காவைக் கண்டதும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். அக்காவின் முகம் கொஞ்சம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

கிளினிக்கில் நேர்ஸ் மிஸ் ஒவ்வொரு முறையும், "இப்ப எத்தினை பீடி?" என்று கேட்பார். ஏசத்தான் கேட்கிறார் என்று நினைத்து இவர் குறைத்துச் சொல்லுவார், நானும் பேசாமல் நிற்பேன். இப்போது விட்டாயிற்று, இனி ஏச்சு இல்லை. அடுத்த கிளினிக்கில் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்றுதான் இருந்தோம். ஒரு நல்ல காரியத்துக்கு ஓடிப்போய் அறிவிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கிளினிக் வருமுன்னரே இவர் மாறத் தொடங்கினார். விடிந்தும் எழும்ப முடியவில்லை. வாயால் வீணீர் வடிந்து தலையணை தோய்ந்துபோகும். மணலில் நடந்தால் தோணியில் நிற்கிறவர் மாதிரித் தள்ளாடினார். மலம் இறுகிப்போனது.

"பீடி விட்டா உடம்பு அப்பிடித்தான் கேட்கும்" என்றாள் அம்மா. "தவராசாவும் ரெண்டு நாள் படுத்துத்தான் எழும்பினவர்."

அதுவே போதுமாயிருந்தது. "அவன் ரெண்டு நாள். நான் ஒரு கிழமையாப் படுறன்" என்றார் இவர், நாக்குக் குழற. "ஆர் பெருசா விட்டதெண்டு இப்ப விளங்குதே?" படுகிற பாட்டிலும் அவருக்குப் போட்டி. குளிசையை மட்டும் நான் ஒரு வேளையும் தவறாமல் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போன இடத்தில் கயிற்றைப் பிடித்தபடியே விழுந்தார். வலையின் மடி கரைக்கு வரும் நேரம். கை கால் விறைத்து, வெட்டி இழுத்து, வாயில் நுரை. முழங்காலளவு தண்ணீரில்தான் விழுந்தார், என்றாலும் முகம் குப்புற. ஆதம்பாவா நானா வலையை அப்படியே விட்டுவிட்டு அவரைத் தூக்கினார். அந்த மனுசனின் ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"மருந்தில ஏதும் மாத்தம் செய்தனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை டொக்டர். சொன்ன மாதிரியே குடுத்தனான்."

"வேற புதுசா மருந்து? சாராயம்?"

"ஒண்டும் இல்லை."

பக்கத்தில் நின்ற கிளினிக் மிஸ்தான் கேட்டார். "பீடி?"

"அதை அடியோட விட்டுட்டார் மிஸ்" என்றேன். அந்த நேரத்திலும் என் குரலில் பெருமை இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு விளங்கப்படுத்தினார். புகை உள்ளே போகும்வரை ஈரல் இந்தக் குளிசையை வேகமாகக் கரைத்து வெளியே அனுப்புமாம். அதற்கு ஏற்ற மாதிரித்தான் இவருக்கு அளவு வைத்திருந்தார்களாம். புகை நின்றதும் ஈரல் மெதுவாகிவிட, அதே குளிசை உடம்பில் தேங்கி அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது. வலிப்பு அதனால்.

"விட்டது நல்ல விசயம். விட முதல் எங்களுக்குச் சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பம்" என்றார். "இப்ப குறைக்கிறம். ஆனா ஒண்டு, இனி திரும்ப ஊதத் தொடங்கினாலும் உடன வந்து சொல்ல வேணும். இல்லாட்டி மருந்து போதாமப் போய்ப் பழைய சத்தங்கள் வந்திரும். நீங்களா ஒரு குளிசையும் கூட்டிக் குறைக்கக் கூடாது. நான் சொல்லும்வரைக்கும் தண்ணிக்குள்ள இறங்கவும் வேண்டாம்."

மூன்றாம் நாள் இவருக்குத் தலை தெளிந்தது. பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் அத்தான் தோடம்பழத்தோடு வந்தார். கட்டிலருகே குனிந்தபோதே எனக்குப் புகை மணந்தது. இவருக்கும் மணந்தது.

"சகலன், ஊதினனீங்களோ?"

அத்தான் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். "என்ன செய்யிறது, ஏலாமப் போச்சு. போன கிழமை திரும்பத் தொடங்கிட்டன். உங்கட அக்கா வீட்டில நிண்டு கத்துறா, ரூபி. பாப்பம், வருசம் பிறக்க ஒருக்கா விட்டுப் பாப்பம்."

இதைக் கேட்டு இவர் எழும்பி உட்கார்ந்து வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் அத்தானை இவர் வென்ற முதல் விசயம். அம்மாவுக்குச் சொல்லும்படி என்னைத் துரத்துவார் என்றே நினைத்தேன். இவரோ அத்தான் போகும்வரைக்கும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் போனதும் இவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"அவன் விட்டான். பிறகு பிடிச்சான். பிறகும் விடுவானாம்" என்றார். "ஆரிட்டயாவது கேட்டவனே, ரூபி? நான் ஒரு பீடியைப் பத்தினாலும் டொக்டரிட்டச் சொல்ல வேணும். எறிஞ்சாலும் சொல்ல வேணும். அவனைப் பாக்க எனக்கு வயிறு பத்தி எரியுது."

பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரம் நான் அக்காவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புருஷன் களவாக ஊதினான் என்று அவள் கத்துகிறாள். கத்திவிட்டுச் சோறு போடுவாள், படுத்துத் தூங்குவாள். அவளுக்கு அது வெறும் கோபம். என் புருஷன் நல்லது செய்தாலும் நான் பயந்து கிளினிக்குக்கு ஓட வேண்டும்.

அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டு, "எனக்கும் எரியுது" என்றேன்.