வியாழக்கிழமை எழுதுங்க, டீச்சர்

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு எப்போதும் மத்தியானம் இரண்டரை மணியாகவே இருக்கிறது. ஆயர் ஈத்தாமில் எங்கள் வீடு பதினோராவது மாடி. மழைக்கு முன்னால் கொடிமலையிலிருந்து மேகம் இறங்கி எதிர் பிளாக்கை மறைத்துவிடும். காயப்போட்ட துணிகள் மட்டும் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரியும். பள்ளி விட்டு வந்த ஆறு பிள்ளைகள் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்வார்கள். மின்விசிறிச் சத்தமும் ஏழாம் வாய்ப்பாடும் ஒன்றாகக் கலந்து, சில நாள் எனக்கே கண்ணைச் சொருகும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையை டியூஷனுக்குச் சேர்க்கும்போது ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் அம்மாவோ அப்பாவோ ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு ரோத்தானும் கொண்டு வருவார்கள். ரோத்தான் என்றால் பிரம்பு. மளிகைக் கடை வாசலில் சிவப்பு, பச்சைப் பிடி போட்டுத் தொங்கும். அதை இரண்டு கையாலும் நீட்டி, "கண்ண மட்டும் விட்டுடுங்க டீச்சர், மத்தது ஒங்க பொறுப்பு" என்பார்கள். பிள்ளையும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும். நான் பழத்தைச் சாப்பிடுவேன், ரோத்தானைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போட்டுவிடுவேன். பிள்ளைகள் மேல் நான் கைநீட்டியதே இல்லை. 'அடிக்காத டீச்சர்' என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொள்ளைப் பெருமை, இப்போது நினைத்தால் கூசுகிறது.

அடிப்பதற்குப் பதிலாக எழுதுவேன். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி. கீழே பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். நாகரிகமான முறை என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஆறு பேரில் ஒருத்தி என் வீட்டிலிருந்து நான்காவது வீட்டுப் பெண். ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தாள். மெலிந்த பிள்ளை, பென்சிலை முனை ஒடியும் அளவுக்கு அழுத்தி எழுதுவாள். ஒருநாள் கணக்கு முடிக்காமல் வந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவள் என் காதருகில் வந்து, ரகசியம் பேசுவது போல, "வியாழக்கிழமை எழுதுங்க, டீச்சர்" என்றாள்.

"ஏம்மா, வியாழக்கிழமை நல்ல நாளா?"

"அன்னிக்குத்தான் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் ஆரம்பிக்குது. அம்மா சைன் போட்ருவாங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆள் வளரவில்லை, அதற்குள் என்ன சாமர்த்தியம் என்று அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தேன். தொழிற்சாலையில் அப்பாவின் ஷிப்ட் அட்டவணை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். ஏழாம் வாய்ப்பாடுதான் ஏறவில்லை.

அவள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிளாக்கில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும். நான் கேஸ் தோம்போடு, அதாங்க அந்தச் சிலிண்டரோடு, படியில் திணறினால் அவர்தான் ஓடி வருவார். "குடுங்கக்கா, நான் தூக்குறேன்லா" என்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. மேகமும் இல்லை, மழையும் இல்லை, லிப்ட் பழுது, விசிறியும் நின்றுவிட்டது. எனக்குத் தலைவலி. அவள் நோட்டைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவள் ஏதோ சொல்ல வந்தாள், நான் கேட்கவில்லை. "கவனமே இல்லை. வீட்டில் கண்டிக்கவும்" என்று எழுதி, சுழித்துக் கையெழுத்துப் போட்டு, நோட்டை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் வரவில்லை. காய்ச்சல் என்று அவள் அம்மா கதவிடுக்கில் நின்று சொன்னாள். அடுத்த திங்கள் வந்தாள், கொளுத்தும் வெயிலில் நீளக் கை வைத்த சட்டையோடு. நாற்காலியை இழுத்துப் போட்டேன். "நிக்கிறேன் டீச்சர். நின்னா காத்து வருது" என்றாள். நின்றபடியே ஒன்றரை மணி நேரம் எழுதினாள். அலமாரி மேலிருந்த அழிப்பானை எடுக்கக் கையைத் தூக்கியபோது சட்டை மேலேறியது. நான் பார்த்துவிட்டேன்.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அவள் அப்பாவைப் பார்த்துப் பயமில்லை. நான் எழுதிய வரியைப் பார்த்துப் பயம்.

அன்று ராத்திரி நான் சொன்னதும், "நம்ம பிள்ளையா அது?" என்றார் என் கணவர். "நாளைக்கு லிப்ட்ல அந்த மனுஷன் மொகத்துல எப்படி முழிப்ப? அடியாத மாடு படியாதுன்னு நீதானே சொல்லுவ." ஆமாம், நானும் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே, பலமுறை.

அதனால் கோழைகள் கண்டுபிடிக்கும் வழியை நானும் கண்டுபிடித்தேன். அவள் நோட்டில் குறையே எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். தப்பான கணக்குக்கும் 'நன்று', வெள்ளைப் பக்கத்துக்கும் 'மிக நன்று'. இரண்டு வாரம் இப்படிப் போனது. அந்த இரண்டு வாரமும் எனக்குக் கனவு போலத்தான் இருக்கிறது. மேகம் வந்தது, மழை பெய்தது, பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள், அவள் உட்கார ஆரம்பித்தாள். ஆபத்து நீங்கிவிட்டது, என் பேனாதான் காரணம், பேனாவை மூடியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் இடது கை வீங்கி இருந்தது. "கறி கொட்டிட்டேன் டீச்சர்" என்றாள். "சட்டி சூடா இருந்துச்சா?" என்று கேட்டேன். "சட்டி சூடா இல்ல" என்றாள், சாதாரணமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வரி இல்லாவிட்டால் கறி. கறி இல்லாவிட்டால் செருப்பைத் தப்பான இடத்தில் விட்டது. அடிக்கிறவருக்குக் காரணம் ஒரு சாக்கு. அந்தச் சாக்குகளை ஒவ்வொன்றாக ஒழித்து அந்தப் பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறாள், அட்டவணையை மனப்பாடம் செய்தது அதற்குத்தான். நானும் ஒன்பது வயதுப் பிள்ளை செய்த அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு.

பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு, அவளை மட்டும் படம் வரைய உட்கார வைத்துவிட்டு, நலத்துறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஒரு மலாய்க்கார அம்மா, சாந்தமான குரல். பிள்ளை இப்போது எங்கே, வலி எங்கே, வீட்டில் வேறு குழந்தைகள் உண்டா என்று கேட்டார். அவளைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், அவளாகச் சொன்னால் நம்புங்கள், அவள் தப்பில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார். அவர்கள் சொல்லவும் இல்லை. ஆனால் எங்கள் மாடியில் ஒரு வீட்டில் தும்மினால் எட்டாவது வீட்டில் இஞ்சி தட்டுவார்கள். அதிகாரிகள் இருவர் என் வாசலில் செருப்பைக் கழற்றியதுமே சொன்னது யார் என்று மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது.

அவர்கள் வருவதற்குள் அவளிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். "ஒன் மேல தப்பில்ல." அவள் வரைவதை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரி, விசாரணை, வழக்கு என்று பின்னால் நடந்ததை நான் எழுதப்போவதில்லை, அது அவளுடையது. அவள் டத்தோ கிராமாட்டில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா படிக்கட்டில் என்னை மறித்து, "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாமேக்கா" என்று அழுதாள். உனக்குத் தெரியாதா என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. அந்த மாதமே டியூஷன் பிள்ளைகள் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். அந்த டீச்சரிடம் விட்டால் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று பேச்சு. கேஸ் தோம்பை நானே தூக்கப் பழகிக்கொண்டேன்.

ஆறேழு மாதம் கழித்து அவள் பெரியம்மா போன் செய்து வரச் சொன்னார். போகும் வழியெல்லாம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை என்னிடம் என்ன கேட்பாள் என்று யோசித்தேன். ஏன் என் அப்பாவைப் பிடித்துக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்பாள். அதற்குப் பெரிய பெரிய பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன்.

பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் செண்டோல் கடைக்கு, தேங்காய்ப்பாலில் ஐஸ் போட்டுத் தருவார்களே, அங்கே அவளை அழைத்துப் போனேன். கன்னம் கொஞ்சம் சதை வைத்திருந்தது. பாதிக் கிண்ணம் முடிந்ததும் கரண்டியை நிறுத்தினாள்.

"நீங்கதான் சொன்னீங்களா டீச்சர்?"

"ஆமாம்மா."

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் பனிக்கட்டியைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் அவ்ளோ நாளு ஆச்சு?"

பஸ்ஸில் தயார் செய்த எதுவும் உதவவில்லை. "பயமா இருந்துச்சும்மா" என்றேன்.

"எனக்குந்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட ஆரம்பித்தாள்.