மகளோடு ஆடியவன்

ஆறு வருடங்கள், வாரத்தில் ஐந்து நாள், காலை ஐந்து மணிக்கு மொன்றியலில் எங்கள் வில்லரேயிலிருந்து இல்-பிசார் தீவுக்குக் கார் ஓட்டினேன். என் மகளோடு ஐஸ் டான்ஸ் ஆடிய பொடியன் அங்கேதான் இருந்தான். அவனுடைய தாய்க்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. தகப்பன் அவர்களோடு இல்லை. அந்தத் தீவிலிருந்து அந்த நேரத்துக்கு ஒழுங்கான பஸ்ஸும் கிடையாது. அவனை ஏற்றிக்கொண்டு லவாலில் இருந்த அரீனாவுக்குப் போய் இருவரையும் இறக்கிவிட்டு, நான் வேலை செய்யும் கார்டெரிக்கு, குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடுவேன். பயிற்சி முடிய அவர்கள் மெட்ரோ எடுத்துப் படிக்கப் போவார்கள்.

தொடங்கியபோது இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது. நான் ஒருநாளும் பனித்தளத்தில் கால் வைத்தவள் அல்ல, பயம். ஆனால் அந்த ஆட்டத்தை அவர்களைவிட நான்தான் கூடப் படித்தேன் என்று நினைக்கிறேன். ஐஸ் டான்ஸில் பெரிய பாய்ச்சல்கள் இல்லை. இரண்டு பேருடைய சப்பாத்துக் கத்திகளும் ஒரே நேரத்தில், ஒரே சாய்வில் திரும்பவேண்டும். எங்கே புள்ளி குறையும், எந்தத் திருப்பத்தில் மகளின் இடது கால் பிந்தும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவளுடைய ஆட்டச் சட்டைகளுக்கு மணி தைத்ததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிடுவான். சொதியைக் கிண்ணத்தோடு குடிப்பான். என்னை அன்ரி என்பான். "ஓம்" என்று சொல்லவும் பழகியிருந்தான்.

அவர்களுக்குப் பதினெட்டு வயது வந்தபோது ஒரு பெப்ரவரிக் காலை, வழக்கம்போல இரண்டு பேரையும் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். கார்டெரியில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது, இன்று வரவேண்டாம் என்று தகவல் வந்தது. அவர்கள் ஆடுவதை முழுதாகப் பார்த்து எவ்வளவு காலம் என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவன் ஒரு உயரமான வெள்ளைக்காரப் பெண்ணின் இடுப்பைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தான். என் மகள் ஆட்டச் சப்பாத்துப் போடாமல், தடித்த ஜாக்கெற்றோடு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிய அதைத் திரும்பப் போட்டுவிட்டதும் அவள்தான். அது அவர்கள் இருவரும் அந்த வருடம் ஆடிய பாட்டு.

பயிற்சியாளர் என்னைக் கண்டதும் வெளியே வந்து, ஏதோ கால அட்டவணையை விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார். அந்தப் பெண் ஐரோப்பாவில் ஒரு சிறிய நாட்டுக்காரி. அவளுக்கு ஜோடி தேவை. இவன் அவளோடு சேர்ந்தால் அந்த நாட்டுக்காக உலகச் சாம்பியன்ஷிப்வரை போகலாம். கனடாவில் அந்த இடம் இவனுக்கும் என் மகளுக்கும் ஒருநாளும் கிடைக்காது. மூன்று கிழமையாக ஒத்திகை பார்க்கிறார்கள் என்றார்.

மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் நான்தான் அவனைக் கொண்டுவந்து விட்டேன். குளிரில் சீற்றைச் சூடாக்கி வைத்தேன். பின்னால் இரண்டு பேரும் பேசாமல் இருக்க, நித்திரைக் கலக்கம் என்று நினைத்து றேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

மகளைக் காரில் ஏற்றினேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"அவன்தான் சொல்ல வேண்டாம் எண்டவன், அம்மா."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் வீதியோரம் காரை நிறுத்திவிட்டு அழுதேன். அடுத்தநாளிலிருந்து இல்-பிசாருக்குப் போகவில்லை. மகளும் சப்பாத்தைக் கழற்றி வைத்தவள் திரும்பப் போடவேயில்லை. மனம் உடைந்துபோனாள் என்று நான் நினைத்தேன். சொந்தக்காரர், கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் அவனைப் பற்றிச் சொன்னேன். தின்ற கை காயுமுன்னம் போய்விட்டான் என்று சொன்னேன். அவன் அனுப்பிய செய்திகளை வாசிக்காமலே அழித்தேன். ஒருமுறை மெட்ரோவில் என்னைக் கண்டு கையைத் தூக்கினான். நான் அடுத்த பெட்டிக்கு மாறி ஏறினேன்.

இரண்டு வருடம் கழித்து உலகச் சாம்பியன்ஷிப் மொன்றியலுக்கே வந்தது. போட்டியாளர் பட்டியலில் அவனுடைய பெயர் இன்னொரு நாட்டுக் கொடிக்குப் பக்கத்தில் இருந்தது. மகளைக் கூப்பிட்டேன்; சோதனை இருக்கிறது, வரமாட்டேன் என்றாள். மகளின் தகப்பன், இவரும் வரவில்லை. நான் தனியாகப் போனேன். உண்மையைச் சொல்லவேண்டும்: அவன் விழுவதைப் பார்க்கத்தான் போனேன்.

முதல் நாள் ஆட்டத்தில் முதல் இருபது இடங்களுக்குள் வருகிறவர்கள்தான் அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம். அவனும் அந்தப் பெண்ணும் ஆரம்பத்திலேயே வந்தார்கள். மொன்றியல் பொடியன் என்பதால் சனம் நன்றாகவே கை தட்டியது. நான் தட்டவில்லை. நன்றாகத்தான் தொடங்கினார்கள். ஒற்றைக் காலில் சுழன்றபடியே நகரும் இடத்தில் அவன் தடுமாறி மற்றக் காலை ஊன்றிவிட்டான். எத்தனை புள்ளி போகும் என்று எனக்கு உடனே தெரிந்தது. எல்லோரும் ஆடி முடிந்தபோது இருபத்திரண்டாம் இடம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சனம் கலையும்போது அவன் நான் இருந்த வரிசைக்கே வந்தான். ஆட்ட உடுப்புக்கு மேல் அந்த நாட்டு ஜாக்கெற் போட்டிருந்தான். பனித்தளத்திலிருந்தே என்னைக் கண்டுவிட்டானாம். அன்ரி, வந்ததுக்கு மெர்சி என்று நன்றி சொன்னான். எனக்கு அடக்க முடியவில்லை. என் காரிலேயே இருந்துகொண்டு என் பிள்ளையை விட்டுப்போக எப்படி மனம் வந்தது என்று பிரெஞ்சில் கேட்டேன்.

அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அவள் உங்களுக்கு இன்னும் சொல்லவில்லையா?"

அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். முதலில் விலகியது என் மகள். பதினேழு வயதிலேயே அவளுக்கு ஆட்டம் வெறுத்துவிட்டது. பயிற்சியாளரிடம் தானே போய், இவனுக்கு வேறு ஜோடி தேடுங்கள் என்று கேட்டவளும் அவள்தான். அம்மாவுக்கு நான் பேந்து சொல்லுவேன், அதுவரை நீ வாய் திறக்காதே என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் எப்போதோ சொல்லியிருப்பாள், அதற்குப் பிறகும் எனக்குத் தன்மேல் கோபம் தீரவில்லை என்றுதான் அவன் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறான்.

நான் அவனுடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை அன்ரி என்றான். தன் தோல்விக்கு அழவேண்டிய நேரத்தில் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது மகளும் இவரும் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தவில்லை. அவனோடு கதைத்தேன் என்று மட்டும் சொன்னேன். மகளின் முகம் வெளுத்தது. ஏன் அவன்மேல் பழியைப் போட்டாய் என்று கேட்டேன். ஆட விருப்பமில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் கட்டாயப்படுத்தியிருப்பேனா என்றும் கேட்டேன்.

"உங்களுக்குச் சொல்லியிருந்தா நான் இன்னும் மூண்டு வருசம் ஆடியிருப்பன், அம்மா," என்றாள். "நீங்கள் அந்தக் காரில மட்டுந்தான் சிரிச்சுக் கதைக்கிறனீங்கள்."

இவரைப் பார்த்தேன். இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்," என்றார். "அவள் சொல்ல வேண்டாம் எண்டவள்."

எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. அந்தப் பொடியனை நான் திட்டிய ஒவ்வொரு முறையும் இவர் பக்கத்தில் இருந்திருக்கிறார். சில நேரம் தலையையும் ஆட்டியிருக்கிறார்.

அடுத்தநாள் இல்-பிசாரில் அவனுடைய தாயின் வீட்டுக்குப் போய் அவரிடம் நேரிலேயே நடந்ததைச் சொன்னேன். அவன் இப்போதும் எப்போதாவது செய்தி அனுப்புகிறான்; உடனே பதில் போடுகிறேன். மகள் தாதிப் படிப்பு முடிக்கப் போகிறாள். என்னிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டாள், நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் படிப்பு நல்லாய்ப் போகுது என்று அவள் சொல்லும்போது முன்னைப்போல நம்பிவிட்டு என் வேலையைப் பார்க்க முடியவில்லை. அவளுடைய முகத்தை இன்னொருமுறை பார்க்கிறேன். அவளும் அதைக் கவனிக்கிறாள். இவர் மட்டும் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.