கிட்னிக்கு ஆறு வயது

கண்ணாடிக்கடை அக்காவுக்குக் கடைசி நிமிட வேலை என்றாலே ஆகாது. கோடை தொடங்கும்போது வரிசைகட்டி வரும் விசேஷங்களுக்கெல்லாம் வாழ்த்து அட்டைகளை இரண்டு மாதம் முன்பே வாங்கி, உறையில் முகவரி எழுதி, தேதிவாரியாக அலமாரியில் அடுக்கிவிடுவாள். “போன்ல ஒரு பொம்மை அனுப்பினா முடிஞ்சுது. இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்பார் கணவர். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் போட்டவருக்குத் தலை சுற்றும் என்று இருபது வருடமாக லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிறவளிடம் இதெல்லாம் எடுபடுமா?

அன்றும் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு கடை தள்ளியிருக்கும் ஸ்டேஷனரி கடையில் துண்டுச்சீட்டோடு நின்றாள். பிறந்த வீட்டு அண்ணனுடைய கல்யாண நாள், மாமியார் பிறந்தநாள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பட்டமளிப்பு. மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்தன. நாலாவதுதான் காலைப் பிடித்து நிறுத்தியது.

நாலாவது, நாத்தனாருக்கு. கணவரின் தங்கை, நாற்பத்து மூன்று வயதிலும் வீட்டாருக்குக் குட்டிதான். டவுன் பஸ் ஓட்டுகிறாள். அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் கைவிரித்து, அவர் வாரம் மூன்று நாள் மெஷினோடு படுத்துக் கிடந்த காலத்தில், “எனக்குத்தான் ரெண்டு இருக்கே” என்று குடையை இரவல் கொடுப்பதுபோல ஒன்றைக் கொடுத்தவள். மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடாமல் வீட்டில் கிடந்தாள். ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் நடந்து ஒரு வருடம் ஆனபோது அட்டை தேடி அலைந்தாள் அக்கா. கிட்னி கொடுத்ததற்கு எந்தக் கடையில் அட்டை விற்கிறார்கள்? ‘மனமார்ந்த நன்றி’ என்று ரோஜா போட்ட அட்டை ஏதோ வங்கியிலிருந்து வந்ததுபோல இருந்தது. கடைசியில் குழந்தைகளின் முதல் பிறந்தநாளுக்கான வாத்துப்படம் போட்ட அட்டையை வாங்கினாள். ‘உன் கிட்னிக்கு எங்கள் வீட்டில் ஒரு வயது நிறைகிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, நன்றாகத் தூங்குகிறது’ என்று எழுதி அனுப்பினாள். குட்டி வயிறு வலிக்கச் சிரித்து, டிப்போ முழுக்கக் காட்டினாளாம். அடுத்த வருடம் இரண்டு வயது அட்டை. அப்படியே ஐந்து வரைக்கும் வந்தாயிற்று.

இந்த வருடம்தான் சிக்கல். குளிர்காலத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்த குட்டி, அண்ணன் கையில் சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்துவிட்டாள். “என் கிட்னிய உப்புல ஊறப்போடறியா? தண்ணி குடிக்கறியா? மாத்திரை போட்டியா?” வந்தால் போனால் இதே பாட்டுத்தான். நாள் முழுக்க நின்று வேலை பார்த்து வந்த அக்காவுக்கு வாய் முந்திக்கொண்டது. “குடுத்ததையே இன்னும் எத்தன தடவ சொல்லிக்காட்டுவே?”

குட்டி டீயைக்கூடத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பத்து வாரம் ஆகிறது. அண்ணனோடு பேசுகிறாள். அதுவும் அண்ணி கடையில் இருக்கும் நேரம் பார்த்து.

ஆறு வயது அட்டையில் ஒட்டகச்சிவிங்கி இருந்தது. இதை அனுப்பினால் கிண்டல் என்று நினைப்பாளோ? ரோஜாவை அனுப்பினால் வேற்று ஆளாக்கிவிட்டாள் என்று ஆகும். ஒன்றுமே அனுப்பாவிட்டால்? காலையில் குளியலறையிலிருந்து கணவர் கர்ண கடூரமாகப் பாடும் சத்தம் ஞாபகம் வந்தது. அந்தக் குரலை இன்றும் கேட்க முடிகிறதே, யாரால்? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“யாருக்கும்மா, பேரனுக்கா?” என்றார் கடைக்காரர்.

“நாத்தனார் கிட்னிக்கு.”

“ஓ, அதுவா! ஆறு ஆயிடுச்சா? ஸ்கூல்ல சேத்துடுங்க.”

பத்து வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் தைரியமும் வந்தது. ஒட்டகச்சிவிங்கியை வாங்கிக்கொண்டு, அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நேரே டிப்போவுக்குப் போனாள்.

ஓட்டுநர்கள் அறையில் குட்டி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். மூடி கீழே விழுந்து உருண்டது.

“அண்ணனுக்கு என்ன ஆச்சு?”

“அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கார். நான் உன்னப் பாக்கத்தான் வந்தேன்.” அட்டையை நீட்டினாள்.

குட்டி உருண்ட மூடியை எடுத்து டிபன் பாக்ஸை மூடினாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே அண்ணி.”

“அதுவரைக்கும் மனசு தாங்கல. அன்னிக்கு நான் பேசினது தப்பு, குட்டி. நீ ஆயிரம் தடவ சொல்லிக்காட்டினாலும் நான் கேட்டுக்கணும். என் குடும்பம் நிக்கறதே உன்னால.”

“சொல்லிக்காட்டல அண்ணி.” குட்டி குனிந்தபடியே சொன்னாள். “அந்த பாக்கெட்டப் பாத்ததும் பயந்துட்டேன்.”

“ஒரு சிப்ஸுக்கா?”

“இதுவும் கெட்டுப்போச்சுன்னா அண்ணனுக்குக் குடுக்க எங்கிட்ட இன்னொண்ணு இல்லையே.”

அக்கா, டிப்போவே பார்க்கட்டும் என்று அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.