ஏலிக்குட்டியின் எரிசேரி

தன்னால் எடுக்க முடியாத ஒரு முடிவைக் கடவுளிடம் விட்டுவிட்ட ஒருவர், அந்தக் கேள்வி கடவுளிடம் போய்ச் சேரவே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டால் என்ன செய்வார்? கால்வாய்கள் சூழ்ந்த எங்கள் கைனகரியில் வாத்து வளர்த்த ஏலிக்குட்டியின் கடைசி நோம்புக்காலத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

அவரை உத்தமி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முட்டை வாங்க வரும் ஏஜென்டைத் திட்டாமல் ஒரு தட்டு முட்டைகூட அவர் படகில் ஏற்றியதில்லை. கணவர் அவுசேப்பு இறந்த பிறகு மகள் ரோசிலிக்கு வந்த நல்ல சம்பந்தங்களை ஏதேதோ குறை சொல்லித் தட்டிக்கழித்தார். ரோசிலி நாற்பதைத் தாண்டியும் அம்மாவோடும் வாத்துகளோடும் நின்றுபோனாள். ஒன்று மட்டும் சொல்லலாம்: ஏலிக்குட்டி நோம்பை ஏமாற்றியதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நாளும் இறைச்சி, மீன், பால் எதுவும் அந்த அடுக்களைப் படி ஏறாது. கொட்டகை நிறைய முட்டை கிடக்கும். ஒன்றுகூட வீட்டுக்குள் வராது. மாலையில் அவரே எண்ணித் தட்டில் அடுக்கி வெளியூருக்கு அனுப்பிவிடுவார்.

சினைப்பையில் வந்த புற்று ஒருமுறை அடங்கி, மறுபடி தலைதூக்கியது. இரண்டாவது சுற்று ஊசிகள் ஆரம்பித்து பாதி வழியில் டாக்டர் ரோசிலியிடம் சொன்னார்: "தொடர்ந்தா சில மாசம் கூடலாம். கூடாமலும் போகலாம். போட்டுத்தான் ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன். அம்மாகிட்ட கேளுங்க."

ஏலிக்குட்டிக்கு வேண்டாம். ரோசிலிக்கு வேண்டும். நோம்பு தொடங்குவதற்கு முந்தின நாள், கடைசியாகக் கறி சமைத்துச் சாப்பிடும் அந்த நாளில், இருவருக்கும் வாக்குவாதம்.

"எனக்குப் போதும்டீ. வாயில தண்ணி வெச்சாலே இரும்பு ருசி."

"எனக்கு யார் இருக்கா அம்மச்சி? உங்களுக்குப் போதும்னா எனக்கும் போதுமா?"

"உனக்குத்தான் அறுபது வாத்து இருக்கே. அதுங்களாவது எதிர்த்துப் பேசாது."

ரோசிலி அழுதாள். அம்மா அதைப் பார்த்தார். பிறகு, "சண்டை வேண்டாம். ஊசிக்கு முன்னாடி ரத்தம் பார்ப்பாங்கல்ல? அது தேறியிருந்தா போட்டுக்கறேன். தேறலைன்னா இதோட நிறுத்திடுவோம். அவர் சொல்லட்டும்," என்று சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் காட்டினார்.

சத்து ஏற முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஏலிக்குட்டியின் பதில் ஒன்றுதான்: "ஈஸ்டர் முடியட்டும்."

ரோசிலி மறுநாள் படகுத்துறைப் பக்கம் பாப்பச்சன் கடைக்குப் போனாள். வீட்டு முட்டையை அம்மா எண்ணுவார். வாத்து முட்டையின் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கோழி முட்டை.

"ஏண்டீ, உங்க வாத்தெல்லாம் முட்டை போட மறந்துபோச்சா? அதுவும் நோம்புல!" என்றார் பாப்பச்சன்.

"பூனைக்கு, சேட்டா. சீக்குப் பூனை."

"கோழி முட்டை திங்கிற பூனையா? ஏலிச்சேடத்தி வளர்த்ததுன்னா அதுக்கும் திமிர் இருக்கத்தான் செய்யும்."

பூசணியும் பெரும்பயறும் மஞ்சளும் தேங்காயும் சேர்ந்து குழைந்த எரிசேரியில் மஞ்சள் கரு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது அடுப்பில் இருக்கும்போதே ரோசிலி கலந்தாள். அன்று முதல் பரிசோதனை நாள் வரை எரிசேரிதான். ஏலிக்குட்டி முனகிக்கொண்டே சாப்பிட்டார். ரோசிலி அதைத் தொடாமல் கஞ்சியும் துவையலும் தின்றாள்.

ரத்தம் தேறியிருந்தது. முட்டையால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரிடம் கேட்கவும் ரோசிலிக்குத் துணிவில்லை. ஏலிக்குட்டி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடி சிலுவை போட்டுக்கொண்டார். "சரி. போட்டுக்கோன்னு சொல்றார். போட்டுக்கறேன்." அந்தக் குரலில் சலிப்பு இல்லை. ரோசிலிக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த ஊசி அவரைப் புரட்டிப் போட்டது. வாயெல்லாம் புண். உள்ளங்கால் மரத்து, தரையில் கால் பாவவில்லை. எச்சில் விழுங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். வலி மிஞ்சும்போது, "அவர் சொன்னதுதானே, தாங்கிக்கலாம்," என்பார். ரோசிலி பாத்திரம் கழுவும் சாக்கில் கால்வாய்ப் படிக்குப் போய் நின்றுகொள்வாள். அம்மா தாங்கிக்கொண்டிருப்பது கடவுளின் சொல்லை அல்ல, தன் கையால் கலந்த ஒன்றை. உண்மையைச் சொன்னால், தாங்குவதற்கு இருக்கும் அந்த ஒரே காரணமும் போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த பரிசோதனையும் வந்துவிடும். நல்லது செய்ய நினைத்தேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கலாம். அம்மா கண்ணை மூடி விழுங்குவதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள நாக்கு வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய ஓசானா ஞாயிறன்று ஏலிக்குட்டி பிடிவாதமாகத் தேவாலயத்துக்கு வந்தார். குருத்தோலையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது பாப்பச்சன் எதிரே வந்தார்.

"ஏலிச்சேடத்தி, பூனை எப்படி இருக்கு? பொழச்சுதா?"

"எந்தப் பூனை?"

"உங்க பூனைதான். நோம்புல என் கடை முட்டையைத் தின்ன பூனை!"

ஏலிக்குட்டி மகளைத் திரும்பிப் பார்த்தார். ரோசிலி கையிலிருந்த ஓலையின் நுனியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"பொழச்சுக்கிட்டிருக்கு, பாப்பச்சா," என்றார் ஏலிக்குட்டி.

படகில் வீடு வந்து சேர்ந்தார்கள். திண்டில் சாய்ந்து மூச்சு வாங்கிய பிறகு ஏலிக்குட்டி கேட்டார்.

"எதுல போட்டே?"

"எரிசேரியில."

"அதான் உப்பு ஏறவே இல்ல."

"பாவம் என்னோடது அம்மச்சி. நான் கோயில் அச்சன்கிட்ட பாவமன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"பாவத்தை விடுடீ. நான் கேட்டது ஒருத்தர்கிட்ட. பதில் சொன்னது இன்னொருத்தி. அந்தப் பதிலைத்தான் இத்தனை நாளா விழுங்கிட்டிருந்தேன்," என்றார்.

ரோசிலி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அடுத்த ஊசி வேண்டாம் அம்மச்சி. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். நான் கேக்க மாட்டேன்."

"இதையும் நீயே சொல்றியா?" என்றார் ஏலிக்குட்டி. கோபமா கேலியா என்று ரோசிலிக்குப் புரியவில்லை. போவதா வேண்டாமா என்பது முடிவாகாமலே நின்றது.

செவ்வாய்க்கிழமை உச்சி நேரம். நோம்பில் மிகக் கடுமையான வாரம். அந்த வாரம் வெறும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்பவர்கள் எங்களில் பலர். ஏலிக்குட்டி அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"எரிசேரி வை."

"வைக்கறேன். சுத்தமா வைக்கறேன் அம்மச்சி, சத்தியமா."

"அது மாதிரியே வை. கடை முட்டை வேண்டாம். நம்மளது போடு."

ரோசிலி அசையவில்லை. ஏலிக்குட்டி தாமே கொட்டகைக்குப் போய், தட்டில் அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு வாத்து முட்டையை எடுத்து வந்து, சட்டியின் விளிம்பில் தட்டி உடைத்து ஊற்றினார். உப்பையும் அவரே போட்டார். இரண்டு கிண்ணத்தில் பரிமாறச் சொன்னார். முதலில் அவர் சாப்பிட்டார். வாய்ப்புண் எரிய, கண்ணை மூடாமல், கடைசி வரை. ரோசிலியும் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

புதன் காலையில் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு ரோசிலி கிளம்பித்தான் இருந்தாள். பயணிகள் படகு வந்து துறையில் முட்டியது. "சேடத்தி, ஏறலையா?" என்று கண்டக்டர் கத்தினார். படியில் உட்கார்ந்திருந்த ஏலிக்குட்டி, போ என்று கையை அசைத்தார். படகு விலகியதும், "வாத்தைத் திறந்து விடுடீ, நேரமாச்சு," என்றார்.

இந்த முறை ரத்தம் தேறியிருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. மழைக்காலம் தொடங்கும் வரை அவர் இருந்தார். போகாததைப் பற்றி ரோசிலி ஒருபோதும் கேட்கவில்லை. அந்த முட்டையைப் பற்றி மட்டும் ஒருமுறை கேட்டிருக்கிறாள்: போவதில்லை என்று முடிவு செய்த பிறகு எதற்காக அது? ஐம்பது வருஷ நோம்பை எதற்காக அன்று உடைக்க வேண்டும்?

"அன்னிக்குத்தான் உப்பு சரியா இருந்துச்சு. நானே போட்டதாச்சே," என்று சொல்லிவிட்டு ஏலிக்குட்டி முட்டைகளை எண்ணப் போய்விட்டார்.